தாராவியிலிருந்து லண்டனுக்கு முதல் பார்சல்: சுங்கத்தில் சிக்காமல் அனுப்புவது எப்படி?

தாராவியில் லெதர் பை, பர்ஸ் தைத்து விற்கும் நம் ஆட்கள் பலருக்கு இப்போது இன்ஸ்டாகிராமில் வெளிநாட்டு ஆர்டர் வருகிறது. மால் அருமையாக இருக்கும், பணமும் வந்திருக்கும், ஆனால் பார்சல் மட்டும் அந்த ஊர் சுங்கத்தில் போய் உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் குறை மாலில் இல்லை, கூடவே போகும் பில்லில்தான். பிரிட்டனுக்கு அனுப்புவதை வைத்துச் சொல்கிறேன்.

1. இங்கே முடிக்க வேண்டியவை

டிஜிஎஃப்டி (மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் 500 ரூபாய் கட்டி ஐஇசி (ஏற்றுமதி, இறக்குமதி செய்பவருக்கான பதிவு எண்) எடுங்கள். உங்கள் பான் நம்பர்தான் ஐஇசி நம்பராகவும் வரும். ஏற்றுமதிப் பணம் எந்த வங்கி வழியாக வரும் என்று சுங்கத்துக்குக் காட்டும் ஏடி கோடை உங்கள் வங்கியில் கேட்டு வாங்குங்கள். ஜிஎஸ்டி இருந்தால், வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய நிதியாண்டுக்கு ஒருமுறை எல்யூடி (உறுதிமொழிக் கடிதம்) போட வேண்டும். அவ்வளவுதான், இதற்காக ஏஜெண்டுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை.

2. எச்எஸ் கோடு

சுங்கத்தில் வகை பிரிப்பதற்காக ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோடு (குறியீட்டு எண்) உண்டு, அதில் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்க ஒன்றுதான். தோல் பர்ஸுக்கு 420231, தோல் கைப்பைக்கு 420221. உள்ளே என்ன துணி வைத்தீர்கள் என்பதைப் பார்க்க மாட்டார்கள், வெளிப்புறம்தான் கணக்கு. அதே கைப்பையின் வெளிப்பக்கம் துணியாக இருந்தால் கோடு 420222 ஆகிவிடும். பிரிட்டனில் இது பத்து இலக்கம் வரை நீளும். அந்த அரசின் டிரேட் டாரிஃப் தளத்தில் கோடைப் போட்டால் எத்தனை சதவீதத் தீர்வை என்று இலவசமாகவே பார்த்துக்கொள்ளலாம்.

3. பில் எழுதுவது

இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். ‘லெதர் ஐட்டம்’ என்று மட்டும் எழுதினால் அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு ஒன்றும் விளங்காது, பெட்டியை ஓரமாக வைத்துவிடுவார். இப்படி எழுதுங்கள்: ‘ஆண்கள் மடிப்புப் பர்ஸ், வெளிப்புறம் எருமைத்தோல், உட்புறம் காட்டன், 8 எண்ணம், ஒன்று 25 பவுண்டு, மொத்தம் 200 பவுண்டு, இந்தியத் தயாரிப்பு.’ பில்லில் இதை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். எருமைத்தோலில் பாம்புத்தோல் டிசைன் அச்சு போட்டிருந்தால் அதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ‘ஸ்நேக் லெதர்’ என்று எழுதிவிட்டால் வனவிலங்குப் பொருள் என்று நினைத்துப் பிடித்துவைப்பார்கள், அப்புறம் அது எருமைதான் என்று நிரூபிப்பது உங்கள் பாடு.

‘கிஃப்ட்னு போட்டுடு, விலையைக் குறைச்சு எழுது’ என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்வார். கேட்காதீர்கள். 39 பவுண்டு வரையிலான பரிசுச் சலுகை, தனி மனிதர் தனி மனிதருக்கு உண்மையிலேயே அனுப்பும் பரிசுக்கு மட்டும்தான். காசு வாங்கி விற்றது எவ்வளவு சின்னதானாலும் பரிசு ஆகாது. பொய் என்று தெரிந்தால் மால் பறிபோகும், வாங்கியவர் பெயரும் கெடும்.

4. வரியை யார் கட்டுவது?

135 பவுண்டு வரையிலான மாலுக்குச் சுங்கத் தீர்வை கிடையாது. ஆனால் வீட்டு உபயோகத்துக்கு வாங்குபவரிடம் நேரடியாக விற்றால், 20 சதவீத வாட் வரியை (நம் ஜிஎஸ்டி மாதிரி அங்கே உள்ள விற்பனை வரி) நீங்களே விற்கும்போது வசூலிக்க வேண்டும், அதற்கு அங்கே பதிவும் வேண்டும். ஆன்லைன் சந்தைத் தளம் வழியாக விற்றால் அந்தத் தளமே அதைப் பார்த்துக்கொள்ளும்.

135 தாண்டினால் மால் நுழையும்போது வரி. நம் 200 பவுண்டு பில்லில் கூரியர் செலவு 40 என்றால் மதிப்பு 240. தீர்வை 10 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம், ஆக 250. அதில் 20 சதவீதம், அதாவது 50 பவுண்டு வாட். ஆக மொத்தம் 60 பவுண்டு, கூரியர் கம்பெனியின் கட்டணம் தனி. ஆர்டர் எடுக்கும்போதே இந்தக் கணக்கை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள், இல்லாவிட்டால் வாசலில் கூரியர்காரர் பணம் கேட்கும்போது பார்சலை வாங்காமல் திருப்பிவிடுவார்கள். இந்த வரியை நீங்களே கட்டுவதாக இருந்தால் கூரியர் புக் செய்யும்போது டிடிபி என்பதையும், வாங்குபவர் கட்டுவதானால் டிஏபி என்பதையும் தேர்ந்தெடுங்கள். வாங்குபவர் கடைக்காரர் என்றால் அவருடைய இஓஆர்ஐ நம்பரையும் (இறக்குமதி, ஏற்றுமதி செய்பவர்களுக்கு அங்கே கொடுக்கும் சுங்கப் பதிவு எண்) கேட்டு பில்லில் போடுங்கள்.

5. பேக்கிங், அப்புறம்

அட்டைப்பெட்டி போதும். மரப்பெட்டி என்றால் ஐஎஸ்பிஎம் 15 முத்திரை (மரத்தில் பூச்சி இல்லாதபடி பதப்படுத்தியதற்கான சர்வதேச அடையாளம்) கட்டாயம்.

டிராக்கிங்கில் ‘கஸ்டம்ஸ் ஹோல்ட்’ என்று வந்தால் பதற வேண்டாம். பல நேரம் பணம் வந்ததற்கான ஆதாரம் அல்லது இன்னும் விவரமான பில்தான் கேட்பார்கள். மெயில் வந்த அன்றே அனுப்பிவிடுங்கள். தள்ளிப்போட்டால் கிடங்கு வாடகை ஏறும், கெடு தாண்டினால் பார்சல் திரும்பிவிடும்.