தீர்ப்பவர் யார்? முடிவுசெய்வோரைக் குறிக்கும் சொற்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விபத்து இழப்பீட்டு வழக்கு ஒன்றில், மக்கள் நீதிமன்றத்தில் கையொப்பமிட்டுவிட்டு வீடு திரும்பிய பக்கத்து வீட்டு அக்கா, “இப்போதைக்கு இந்தத் தொகையை வாங்கிக்கொள்வோம், தீர்ப்பு போதாது என்று தோன்றினால் மேல்கோர்ட்டுக்குப் போகலாம்” என்று என்னிடம் சொன்னார். அவர் கையில் இருந்த தாளை வாங்கிப் படித்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின்படி, மக்கள் நீதிமன்றத்தில் முடிந்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது. இதை அவரிடம் யாரும் விளக்கவில்லை. அந்த வாரம் அவர் படித்த செய்தியிலோ ‘மக்கள் நீதிமன்ற நீதிபதி தீர்ப்பளித்தார்’ என்று அச்சாகியிருந்தது.

அந்தச் செய்தியில் ‘தீர்ப்பளித்தார்’ என்ற சொல்தான் தவறு. மக்கள் நீதிமன்றத்தில் அமர்ந்திருப்பவர் பணியில் உள்ள நீதிபதியாகவே இருந்தாலும், அங்கே அவர் வழக்கை விசாரித்து யார் பக்கம் நியாயம் என்று சொல்வதில்லை; இரு தரப்பும் தாமாக ஒத்துக்கொண்ட உடன்பாட்டையே பதிவுசெய்கிறார். ஒத்துக்கொள்ளாவிட்டால் வழக்கு பழைய நீதிமன்றத்துக்கே திரும்பிவிடும். ஆகவே ‘சமரசத் தீர்வு காணப்பட்டது’ என்று எழுதுவதே சரி. தீர்ப்பு ஒருவர் கொடுப்பது, தீர்வு இருவரும் சேர்ந்து காண்பது என்ற வேறுபாடு வாசகருக்குத் தெரிந்திருந்தால், கையொப்பமிடுவதற்கு முன் அந்த அக்கா இன்னொரு முறை யோசித்திருப்பார்.

அடுத்து, அதிகக் குழப்பம் தரும் ‘நடுவர்’ என்ற சொல்லைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் பட்டிமன்றத்துக்கும் கபடிக்கும் நடுவர் உண்டு. ஒப்பந்தத் தகராறைத் தீர்ப்பவரும் நடுவர்தான். குற்றம் சாட்டப்பட்டவரைக் காவலில் வைக்க உத்தரவிடும் மாஜிஸ்திரேட்டும் குற்றவியல் நடுவர்தான். எனவே ‘நடுவர் உத்தரவிட்டார்’ என்று அடைமொழி இல்லாமல் எழுதினால் யார், எந்த அதிகாரத்தில் உத்தரவிட்டார் என்பது விளங்காது. கோட்டாட்சியரும் வட்டாட்சியரும் நிர்வாகத்துறை நடுவராகச் செயல்படும் இடங்களில் அவர்களை ‘நீதிபதி’ என்று எழுதுவது அதைவிடப் பெரிய பிழை, ஏனென்றால் அவர்கள் வருவாய்த்துறை அலுவலர்கள். இலங்கைத் தமிழில் மாஜிஸ்திரேட்டுக்கு ‘நீதவான்’ என்ற தனிச்சொல் நிலைத்துவிட்டதால் இந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் வழக்கே நல்லது என்பது என் எண்ணம்.

நடுவரையும் மத்தியஸ்தரையும் ஒருவராகக் கருதுவதும் பரவலாக உள்ள தவறு. மத்தியஸ்தர் அல்லது சமரசர் பேச வைப்பார், வழிகாட்டுவார், ஆனால் எதையும் திணிக்க முடியாது. பேச்சு பிடிக்காத தரப்பு எழுந்து போகலாம். 1996-ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்படும் நடுவரோ சாட்சியம் கேட்டுத் தீர்ப்பே சொல்லிவிடுவார். அதை நீதிமன்றத்தில் எதிர்க்கச் சில குறிப்பிட்ட காரணங்கள் மட்டுமே உண்டு. அதற்கும் 3 மாதமும், போதிய காரணம் காட்டினால் மேலும் 30 நாளும்தான் அவகாசம். வீடு வாங்கும் ஒப்பந்தத்திலோ கடன் பத்திரத்திலோ ‘தகராறு நடுவர் தீர்ப்புக்கு உட்பட்டது’ என்ற வரி இருந்தால், அது ஊர்ப் பெரியவரை வைத்துப் பேசித் தீர்ப்பது போன்றது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

இந்தக் குழப்பங்கள் எல்லாம் ஒரே இடத்தில் கூடியிருப்பதைக் காண விரும்பினால் காவிரிச் செய்திகளைப் படித்தால் போதும். ‘காவிரி ஆணையம் தீர்ப்பு’ என்ற தலைப்பு இன்றும் வந்துகொண்டிருக்கிறது. ஆணையம் தீர்ப்பளிக்கும் அமைப்பு அல்ல. பங்கைத் தீர்மானித்தது 1990-இல் அமைக்கப்பட்ட காவிரி நடுவர் மன்றம். அது 1991 ஜூன் மாதத்தில் கர்நாடகம் 205 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று சொன்னது இடைக்கால ஆணை. 2007 பிப்ரவரி 5 அன்று தமிழ்நாட்டுக்கு 419 டிஎம்சி என்று சொன்னது இறுதித் தீர்ப்பு. அந்த ‘இறுதி’யும் இறுதியாக நிற்கவில்லை. மத்திய அரசிதழில் வெளியாவதற்கே 2013 வரை ஆயிற்று. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டின் பங்கை 404.25 டிஎம்சியாகக் குறைத்தது. அந்தத் தீர்ப்பை நடைமுறைப்படுத்த 2018 ஜூனில் அமைக்கப்பட்டதுதான் காவிரி நீர் மேலாண்மை ஆணையம். அதற்குத் துணையாக அணை நீர் அளவுகளைக் கண்காணித்துப் பரிந்துரைப்பது ஒழுங்காற்றுக் குழு. ஆக, குழு பரிந்துரைக்கும், ஆணையம் உத்தரவிடும், தீர்ப்பு நீதிமன்றத்துடையது. குழுவின் பரிந்துரையைத் தீர்ப்பு என்று எழுதினால், டெல்டாவில் நாற்றங்காலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் விவசாயி தண்ணீர் வந்துவிடும் என்று நம்பிவிடுவார். அந்த நம்பிக்கையோடு விளையாட எழுதுபவருக்கு உரிமை கிடையாது.

சட்டமன்றச் செய்திகளில் ‘சபாநாயகருக்கு இரண்டு ஓட்டு’ என்று எழுதுவதைக் காண்கிறோம். அரசியலமைப்பின் 189-ஆம் பிரிவின்படி, அவைக்குத் தலைமை வகிப்பவர் முதலில் வாக்களிப்பதில்லை. இரு பக்கமும் சமமாக நின்றால் மட்டுமே முடிவைத் தீர்க்கும் ஒரு வாக்கை அளிப்பார். மக்களவைக்கும் மாநிலங்களவைக்கும் 100-ஆம் பிரிவு இதையே சொல்கிறது. கிரிக்கெட்டில் அவுட் கொடுக்கும் அம்பயரையும், ஒழுங்கு மீறலுக்கு அபராதம் விதிக்கும் மேட்ச் ரெஃப்ரியையும் ‘நடுவர்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதும் மேலே சொன்ன நடுவர் குழப்பத்தைப் போன்ற பிழை. முன்னவரைக் கள நடுவர் என்றாவது பிரித்துச் சொல்லலாம்.

மனிதர் யாரும் முடிவுசெய்யாமல், ஒரு பொருளே தீர்த்துவைக்கும் இடங்களும் உண்டு. தேர்தலில் இருவர் சம வாக்குப் பெற்றால் தேர்தல் அதிகாரி தம் விருப்பப்படி ஒருவரைத் தேர்ந்தெடுப்பதில்லை. 1951-ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 65-ஆம் பிரிவின்படி குலுக்கல் நடத்துகிறார். குலுக்கலில் வந்தவர் கூடுதலாக ஒரு வாக்குப் பெற்றதாகச் சட்டம் கருதுகிறது. இதை வைத்து ‘ஒரு ஓட்டு வித்தியாசத்தில் வெற்றி’ என்று தலைப்பிட்டால், இல்லாத ஒரு வாக்காளரை உண்டாக்கியதாக ஆகிவிடும். ‘சம வாக்கு, குலுக்கலில் வெற்றி’ என்றே எழுத வேண்டும்.

இதே காரணத்தால்தான் உத்திரமேரூர்க் குடவோலையை ‘சோழர் காலத்து ஓட்டுப்பெட்டி’ என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்லும்போது எனக்கு மனம் ஒப்புவதில்லை. முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள் சொல்வது வேறு. 30 குடும்புகளிலும், அதாவது ஊரின் பிரிவுகளிலும், தகுதி உடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். சொந்த நிலமும் மனையும் வேதக் கல்வியும் வேண்டும் என்று தகுதியை வரையறுத்தது சபை. தகுதி பெற்றவர்களுள் யார் என்று தீர்த்தது குடத்துக்குள் போன சிறுவனின் கை. அந்த ஓலையில் இருந்தது நிற்பவரின் பெயரே தவிர, ஊராரின் விருப்பம் அல்ல. ஆகவே ‘குடவோலை வழி வாக்களித்தனர்’ என்பதை அடித்துவிட்டு, ‘குடவோலை வழி எடுத்தனர்’ என்று எழுதலாம்.