நல்ல நாளில் அளவோடு, கெட்ட நாளில் பாதியாவது: மூத்தோருக்கு வீட்டிலேயே பிசியோ

நான் சிங்கப்பூரில் வீடு வீடாகப் போய்ச் சிகிச்சை தரும் பிசியோ (இயன்முறைச் சிகிச்சையாளர்). ஈசூன், அங் மோ கியோ, செங்காங் பக்கத்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகள்தான் அதிகம். முழங்கால் தேய்மானம், முதுகுவலி, இறுகிப்போன தோள்பட்டை என்று மூன்று மாதத்துக்கும் மேலாக வலி விடாமல் பிடித்திருக்கும் மூத்தோரைப் பார்க்கிறேன். வாரத்துக்கு ஒருமுறை, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள்தான் அவர்களோடு இருக்க முடிகிறது. மற்ற நேரமெல்லாம் அவர்களும் பிள்ளைகளும் பணிப்பெண்ணும்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த நேரத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக அடிபட்டு வரும் வலி வேறு, நாள்பட்ட வலி வேறு. கணுக்கால் சுளுக்கினால் சில நாள் அசைக்காமல் வைத்திருப்பது சரி. மாதக்கணக்கில் நீடிக்கும் வலியில் நரம்புகளே கூடுதலாக உணரத் தொடங்கிவிடுகின்றன. சின்ன அசைவுக்கும் பெரிதாக வலிக்கும். எவ்வளவு வலிக்கிறதோ அவ்வளவு சேதம் உள்ளே இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். பயந்து உட்கார்ந்துவிட்டால் தொடைத் தசை சுருங்கும், தசை தாங்க வேண்டிய பாரம் மூட்டில் இறங்கும், வலி கூடும், அசையவே பயம் வரும். “வயசாயிடுச்சு, பேசாம ரெஸ்ட் எடுங்கம்மா” என்று அன்பாகச் சொல்லும் பிள்ளைகளிடம் இதைத்தான் பொறுமையாக விளக்குகிறேன்.

ஆனால் சில அறிகுறிகள் இருந்தால் பயிற்சிப் பேச்சே கூடாது. சிறுநீர் அல்லது மலம் கட்டுப்பாடில்லாமல் போவது, தொடை இடுக்கில் மரத்துப்போவது, காலில் திடீரென்று பலம் குறைவது, நெஞ்சுவலி, மூச்சுத் திணறல் – உடனே 995இல் ஆம்புலன்ஸை அழையுங்கள். கெண்டைக்கால் ஒரு பக்கம் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தாலும், கீழே விழுந்த பிறகு காலை ஊன்றவே முடியாவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். காய்ச்சலோடு வரும் முதுகுவலி, காரணமில்லாமல் எடை குறைவது, படுத்தாலும் தணியாத இரவு வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

எந்தப் பயிற்சி என்று கேட்பதற்கு முன், எதற்காக என்று கேளுங்கள். நான் எந்த வீட்டுக்குப் போனாலும் முதல் கேள்வி இதுதான்: “எதைச் செய்ய முடியாமப் போனது உங்களுக்கு ரொம்ப வருத்தமா இருக்கு?” ஒரு பாட்டிக்குச் சாமி மேடைக்கு முன்னால் ஐந்து நிமிடம் நின்று விளக்கேற்ற வேண்டும். ஓர் ஐயாவுக்குத் தேக்கா சந்தையில் மீனைத் தானே பார்த்துப் பொறுக்க வேண்டும். மகன் வாங்கி வருவது அவருக்குப் பிடிப்பதில்லை. பாட்டிக்கு நிற்கும் பலம் வேண்டும். ஐயாவுக்கு நடை, பேருந்துப் படி, சாலையைக் கடக்கும் வேகம் எல்லாமே வேண்டும். (சாலைக் கடப்பில் ‘கிரீன் மேன் பிளஸ்’ கருவி இருந்தால் மூத்தோர் சலுகை அட்டையைத் தட்டச் சொல்லுங்கள், கடப்பின் நீளத்தைப் பொறுத்து 3 முதல் 13 விநாடிவரை கூடுதலாகக் கிடைக்கும். அட்டை கையில் இருந்தும் பலர் பயன்படுத்துவதே இல்லை.) காலைத் தூக்கு, இறக்கு என்று மட்டும் சொன்னால் இரண்டு வாரத்தில் விட்டுவிடுவார்கள். மீனுக்காக என்றால் செய்வார்கள்.

நாற்காலியிலிருந்து தொடங்குங்கள்

ஒரே ஒரு பயிற்சிதான் செய்ய முடியும் என்றால் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைத்தான் சொல்வேன். கழிப்பறையிலும் கட்டிலிலும் பேருந்திலும் தேவைப்படுவது இதே அசைவுதான்.

சோபா வேண்டாம், அது உள்ளே இழுக்கும். லேசான பிளாஸ்டிக் நாற்காலியும் வேண்டாம், வழுக்கும். சாப்பாட்டு மேசையின் கெட்டியான நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். இருக்கை 43 முதல் 45 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் நல்லது. நுனிக்கு நகர்ந்து உட்காருங்கள். பாதங்களை இடுப்பகலத்துக்கு விரித்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். மூக்கு கால்விரலுக்கு நேராக வரும் அளவுக்கு முன்னே சாய்ந்து, மூச்சை விட்டபடி எழுந்திருங்கள். மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும். உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக இறங்குங்கள். தொப்பென்று விழக்கூடாது. இந்த மெதுவான இறக்கத்தில்தான் தொடைத் தசைக்கு நல்ல வேலை கிடைக்கிறது.

முழங்கால் வலித்தால் பயிற்சியை நிறுத்திவிடாமல் இருக்கையை உயர்த்துங்கள். அமுங்காத மெத்தை ஒன்றை மேலே போட்டாலே வலி குறைவதைப் பார்க்கலாம். கைப்பிடியை அழுத்தி எழுந்தாலும் தப்பில்லை. ஐந்து முறை, சற்று ஓய்வு, மறுபடி ஐந்து. தொடக்கத்துக்கு அது போதும்.

ஆரம்பிக்கும் நாளில் ஒரு கணக்கு எடுத்து வையுங்கள். கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழ முடிகிறது? பக்கத்தில் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும். உலகெங்கும் பிசியோக்கள் பயன்படுத்தும் சோதனை இது. 70 முதல் 74 வயதுப் பெண்கள் 10 முறைக்குக் கீழேயும் ஆண்கள் 12 முறைக்குக் கீழேயும் இருந்தால் சராசரியை விடக் குறைவு. விழும் அபாயம் கூடுதல். கையை ஊன்றாமல் எழவே முடியாவிட்டால் பூஜ்யம் என்று எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்ற பயிற்சிகளை அன்றாட வேலையோடு சேர்த்துவிடுங்கள். காலையில் கட்டிலைவிட்டு இறங்குமுன் பாதத்தை மேலும் கீழும் இருபது முறை அசைப்பது, குதிகாலை மெத்தையில் தேய்த்தபடி முழங்காலை மடக்கி நீட்டுவது. தேநீர் கொதிக்கும்வரை சமையல் மேடையைப் பிடித்துக் குதிகாலை உயர்த்தி இறக்குவது. அதே மேடையைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்பது. உலகச் சுகாதார நிறுவனம் மூத்தோருக்கு வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சி வேண்டும் என்கிறது.

கைத்தடி வைத்திருப்பவர்களைக் கவனியுங்கள். வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில்தான் தடி இருக்க வேண்டும். கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, தடியின் கைப்பிடி அந்த உயரத்தில் இருக்க வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கும் கால் முதலில்.

நல்ல நாள்தான் ஆபத்து

இதைச் சற்று நிதானமாகப் படியுங்கள். பல வீடுகளில் சிகிச்சை தடம் புரள்வது இங்கேதான்.

வலி குறைந்த நாளில் அம்மா என்ன செய்கிறார்? தீபாவளி வருகிறது என்று காலை முழுவதும் நின்று முறுக்குப் பிழிகிறார், அலமாரியைத் துடைக்கிறார், திரைச்சீலையை மாற்றுகிறார். அடுத்த மூன்று நாள் படுக்கை. படுத்த நாட்களில் பலம் குறைகிறது. அடுத்த நல்ல நாளில் அதே வேலையைப் பிடித்தால் இன்னும் சீக்கிரம் வலிக்கிறது. “பிசியோ பண்ணியும் ஒண்ணும் குறையல” என்ற வார்த்தை அப்போதுதான் வரும்.

இதற்கு வழி, வலியைப் பார்த்து நிறுத்தாமல் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்துவது. மூன்று நாள் கவனியுங்கள்: எத்தனை நிமிடம் நின்றால் வலி ஏறத் தொடங்குகிறது? இருபது நிமிடம் என்றால், பன்னிரண்டில் உட்கார வேண்டும். ஐந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு மறுபடி எழுந்து வேலையைத் தொடரலாம். வலியே இல்லாத நாளிலும் பன்னிரண்டுதான். ஒரு வாரம் ஒழுங்காகப் போனால் ஓரிரு நிமிடம் கூட்டுங்கள். கெட்ட நாளில் பாதியாகக் குறையுங்கள். ஆறு நிமிடம் நின்றால் போதும், நாற்காலிப் பயிற்சி ஐந்து முறை போதும். முழுதாக விடுவதை மட்டும் தவிருங்கள். சமையலறையில் மணியடிக்கும் கடிகாரம் ஒன்று வைத்துவிட்டால், “உட்காருங்க, உட்காருங்க” என்று மகள் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து வீட்டில் சண்டை குறைய இது நல்ல வழி.

பயிற்சியின்போது எவ்வளவு வலி சரி? பூஜ்யத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் கேளுங்கள். நாலு வரை போகலாம். அடுத்த நாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிட வேண்டும். வரவில்லையா, எண்ணிக்கையைக் குறையுங்கள். புதிதாக வரும் தசை வலி ஓரிரு நாள் இருக்கும். அது வேலை செய்த தசையின் வலி, பயப்பட வேண்டாம்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வெறும் வயிற்றில் பயிற்சி செய்யக்கூடாது. சூடான ஒத்தடம் 15 முதல் 20 நிமிடம், துணி சுற்றி, எப்போதும் விழித்திருக்கும்போது. காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குச் சூடு வேண்டவே வேண்டாம். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். கோடாலித் தைலமோ புலித் தைலமோ தேய்த்த இடத்தில் மேலே ஒத்தடம் வைப்பதும் தோலைப் புண்ணாக்கும்.

பார்த்துக்கொள்பவர்களுக்கு

அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். அவர்களுடைய தோளுக்கும் உங்கள் முதுகுக்கும் கேடு. பலம் குறைந்த பக்கம் சற்றுப் பின்னால் நின்று, இடுப்பருகே ஒரு கையை வைத்துக்கொண்டு, அவர்களே எழக் காத்திருங்கள். காத்திருப்பதுதான் கடினம், எனக்குத் தெரியும். பணிப்பெண்ணுக்குச் சிகிச்சையாளரே நேரில் சொல்லித்தரட்டும். அனுமதி கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். பயிற்சி வகுப்புக்கு அனுப்ப விரும்பினால் பராமரிப்பாளர் பயிற்சி மானியம் இருக்கிறது.

“வலிக்குதா? இப்ப வலிக்குதா?” என்று மணிக்கொரு தரம் கேட்கும்போது அவர்களுடைய கவனம் முழுவதும் வலியிலேயே போய் நிற்கும். “இன்னைக்கு எவ்ளோ தூரம் நடந்தீங்கப்பா? தாழ்வாரத்துல லிப்ட் வரைக்கும் போனீங்களா?” என்று கேட்டுப் பாருங்கள். பேச்சே மாறும்.

வீட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் குளியலறை. வீவகவின் ஈஸ் திட்டத்தில் கைப்பிடிக் கம்பி, வழுக்காத தரைப் பூச்சு போன்றவற்றைச் சலுகை விலையில் பொருத்தித் தருவார்கள்; 2024 ஏப்ரலில் வந்த ஈஸ் 2.0இல் மடக்கும் குளியல் இருக்கையும் உண்டு. வீட்டு உரிமையாளர் குடிமகனாகவும் குடும்பத்தில் ஒருவர் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவராகவும் இருக்க வேண்டும். அன்றாட வேலைக்கு உதவி தேவைப்படுபவர்கள் என்றால் 60 வயதிலிருந்தே.

வீட்டுக்கு வரும் சிகிச்சைக்கு மருத்துவமனையோ பலதுறை மருந்தகமோ குடும்ப மருத்துவரோ பரிந்துரை எழுதித் தருவார்கள். ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு (AIC) சேவை தருபவரோடு இணைத்துவிடும். அதன் எண் 1800-650-6060. குடும்ப வருமானத்தைப் பொறுத்து மானியம் கிடைக்கும். வெளியே போக முடியாதவர்களுக்கான சேவை இது. போக முடிந்தவர் என்றால் பகல்நேர மறுவாழ்வு நிலையத்துக்கு அனுப்புங்கள். நாலு பேரைப் பார்ப்பதும் மருந்துதான். தனியாரை அழைத்தால், துணை மருத்துவத் தொழிலர் மன்றத்தில் (Allied Health Professions Council) அவர் பதிவு செய்தவரா என்று இணையத்தில் பெயரைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.

தசையில் பலம் ஏற ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். அதற்குள் சலிப்படைய வேண்டாம். ஆறாவது வாரத்தில் அந்த 30 விநாடிச் சோதனையை அதே நாற்காலியில் மறுபடி செய்யுங்கள். எண்ணிக்கை கூடியிருந்தால் பயிற்சிக்குப் போட்ட மெத்தையை எடுத்துவிடலாம். அதே இடத்தில் நின்றால் சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள், பயிற்சியின் அளவை அவர் மாற்றித் தருவார். குறைந்திருந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் மருத்துவரைப் பாருங்கள்.