இரட்டித்த வினைவடிவங்களை மீட்டெடுக்கும் முறை

கிரேக்கத்துக்கும் சமஸ்கிருதத்துக்கும் பொதுத் தாயான, எழுத்தில் எஞ்சாத மூலமொழியின் வினைவடிவங்களை இவ்விரு மொழிகளையும் ஒப்பிட்டு மீட்கலாம். கிரேக்க வினையில் இரட்டிப்பது பெரும்பாலும் வேரின் முதல் மெய் மட்டுமே. தமிழ் அடுக்குத்தொடரைப் போல முழுச்சொல் அன்று. ஆகவே முதலில் வேரைப் பிரித்தெடுங்கள்: 'விட்டுச்செல்' எனப் பொருள்படும் லெய்ப் என்ற வேர், முற்றுநிலையில் (செயல் முடிந்துவிட்டதைக் காட்டும் வடிவத்தில்) லெ-லொய்ப்-அ ஆகிறது.

அடுத்து முன்னசையின், அதாவது வேரின்முன் இரட்டித்து வரும் அசையின், உயிரைத் தீர்மானியுங்கள். சமஸ்கிருதத்தில் 'செய்தான்' என்பது ககார அன்று, சகார (முதல் சகரம் 'அச்சம்' என்பதில் போல ஒலிக்கும்). பழைய எகரத்தின் முன் ககரம் சகரமாகி, பின்னரே அந்த எகரம் அகரமாயிற்று. கிரேக்கத்தின் லெ காட்டும் எகரமும் இதனோடு பொருந்துவதால், மூலமொழியின் முற்றுநிலை முன்னசைக்கு எகரத்தையே எழுத வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த சான்று இது.

மூச்சொலிகளில்தான் (மூச்சுக்காற்று சேர்ந்து ஒலிக்கும் மெய்களில்) கூடுதல் கவனம் தேவை. யாழ்ப்பாணத்து வீடுகளிலுள்ள வடமொழித் தோத்திரப் புத்தகங்களைப் போல எழுத்தின்மேல் எண்ணிட்டுக்கொள்ளுங்கள்: எண் இல்லாதது மூச்சற்ற ஒலி, 2 அதன் மூச்சொலி, 3 குரலுடன் ஒலிப்பது, 4 குரலும் மூச்சும் சேர்ந்தது. தமிழெழுத்து மட்டும் இவ்வேறுபாட்டைக் காட்டாது. 'வைக்கிறேன்' என்பது கிரேக்கத்தில் தி-தே²-மி, 'வைக்கிறான்' என்பது சமஸ்கிருதத்தில் த³-தா⁴-தி. அடுத்தடுத்த அசைகளில் இரு மூச்சொலிகள் வரின் முதலாவது மூச்சை இழக்கும் என்று 1863 இல் ஹெர்மன் கிராஸ்மன் விளக்கினார். இழந்த மூச்சை முன்னசைக்குத் திருப்பிக் கொடுங்கள்; சமஸ்கிருதம் காக்கும் நான்காம் எண் ஒலியையே மூலத்துக்குக் கொள்ளுங்கள். முன்னசையின் இகரத்தைக் கிரேக்கம் தருகிறது: *தி⁴-தே⁴-மி (உடுக்குறி, மீட்டெடுத்த வடிவம் என்பதைக் காட்டும்). இதிலுள்ள தே⁴ என்ற நெடில், எகரத்தின்பின் நின்று மறைந்த ஒரு குரல்வளை மெய்யின் தடம்.