குகைச் சுழியோடலுக்கு ஃபின்ஸ் தெரிவு செய்வது எப்படி?

மலையகத்திலிருந்து சுழியோடப் பழகுகிறவர்களின் ஆசை பெரும்பாலும் ஒரே வழியில்தான் வளர்கிறது. திருகோணமலையில் ஓப்பன் வோட்டர் எனும் ஆரம்பநிலைச் சுழியோடல் பயிற்சி, புறாத்தீவைச் சுற்றிச் சில டைவ். பிறகு ஒருநாள் எல்ல பக்கம் கரந்தகொல்லையில் நில்தியபொக்குண குகைக்குள் இறங்கி அந்த நிலத்தடிக் குளத்தைப் பார்ப்பார்கள். "இதற்குள்ளே முங்கினால் எப்படி இருக்கும்?" என்ற கேள்வி வந்துவிடும்.

குகைப் பயிற்சி இல்லாமல் எந்தக் குகை நீரிலும் முங்கக் கூடாது. கடலில் நூறு டைவ் அடித்தவருக்கும், கடலில் பாடம் நடத்தும் ஆசிரியருக்கும் இது பொருந்தும். மெக்சிகோவின் யுகடான், அமெரிக்காவின் புளோரிடா, பிரான்சின் லொட் போன்ற இடங்களில் இதற்கென்றே பயிற்சி தருகிறார்கள். அங்கே போவதற்கு முன்பே இங்கிருந்து வாங்கிப் பழகக்கூடியது, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்ஸ். அதை எப்படிப் பார்த்து எடுப்பது என்பதற்குத்தான் இந்தப் பதிவு.

ஃபின்ஸுக்கு ஏன் இவ்வளவு கவனம்? பல குகைகளின் தரையில் மா போன்ற நுண்ணிய வண்டல் படிந்திருக்கும். ஒரு தப்பான உதை போதும், அது கிளம்பிவிடும். நானுஓயாவிலிருந்து நுவரெலியா ஏறும்போது மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெள்ளைச் சுவர் மட்டும்தானே தெரியும்? வண்டல் கிளம்பிய குகையில் டோர்ச் அடித்தாலும் அதே கதைதான். கடலில் என்றால் மேலே போய்விடலாம். இங்கே தலைக்கு மேல் பாறை. வாசலிலிருந்து உள்ளே இழுத்துக் கட்டிய வழிக்கயிற்றைக் கையால் பிடித்துக்கொண்டுதான் வெளியே வர வேண்டும்.

படி 1: போகப்போகும் தண்ணீர் எவ்வளவு குளிர்?

ஃபின்ஸ் வாங்கப் போய், முதலில் உடையைப் பற்றிப் பேசுகிறேன் என்று நினைக்க வேண்டாம். தண்ணீரின் குளிரைப் பொறுத்து உடை, உடையைப் பொறுத்து ஃபின். ஆரம்பகாரர்கள் அதிகம் தவறவிடுவது இதைத்தான்.

இணையத்தில் யாரிடம் கேட்டாலும் "ஸ்கூபாப்ரோ ஜெட்ஃபின் வாங்கு" என்பார்கள். 1960களில் வந்த, கனத்த இறப்பர் ஃபின். அருமையான பொருள், உடையவே உடையாது. ஆனால் அதன் புகழில் பெரும்பங்கு டிரைசூட் (தண்ணீர் உள்ளே புகாத உடை) போடுகிறவர்களால் வந்தது. டிரைசூட்டுக்குள் காற்று இருக்கும். அது கால் பக்கம் ஓடினால் கால் மேலே தூக்கும். கனத்த ஃபின் அதைக் கீழே இழுத்துச் சமப்படுத்தும்.

வெட்சூட்டில் (தண்ணீர் உள்ளே புகும் இறப்பர் உடை) அப்படித் தூக்குவதற்குக் காற்று இல்லை. அதே கனத்த ஃபினைப் போட்டால் கால் தாழ்ந்து, தலை உயர்ந்து, உடம்பு சாய்வாக நிற்கும். அந்த நிலையில் உதைத்தால் தண்ணீர் நேராகத் தரையிலுள்ள வண்டலில் போய் அடிக்கும். போதாததற்கு ஒவ்வொரு உதையும் உங்களை மேலே தள்ளும். அதை ஈடுகட்ட, மிதப்பதற்காக அணியும் ஜாக்கெட்டில் காற்றைக் குறைப்பீர்கள். உதைப்பதை நிறுத்திய உடனே தரையில் போய் உட்காருவீர்கள்.

யுகடானில் தண்ணீர் ஏறக்குறைய 25 பாகை செல்சியஸ். வெட்சூட்டில் போகலாம். லொட் பகுதியில் 13, 14 பாகைதான், டிரைசூட் வேண்டும். புளோரிடா ஊற்றுக்குகைகள் 20 முதல் 22 பாகை. அங்கே இரண்டும் நடக்கும், எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஆக, டிரைசூட் என்றால் கனத்த இறப்பர், வெட்சூட் என்றால் தண்ணீரில் ஏறக்குறைய எடையற்று நிற்கும் ஃபின். ஹொலிஸ் எஃப்1 போன்ற சில ஃபின்களுக்கு எல்டி என்ற எடை குறைந்த வகையும் உண்டு.

படி 2: தகட்டைப் பாருங்கள்

பாதத்துக்கு முன்னால் நீளும் பகுதிதான் தகடு. அது குட்டையாக, அகலமாக, விறைப்பாக இருக்க வேண்டும். நடுவில் பிளந்த ஸ்பிளிட் ஃபின் வேண்டாம். மூச்சடக்கிப் போகிறவர்களின் நீண்ட ஃபினும் வேண்டாம், ஒடுங்கிய இடத்தில் எங்கே முட்டுகிறது என்றே தெரியாது.

விறைப்பு எதற்கு என்றால், குகையில் கால்களை மேலும் கீழும் அடிப்பதில்லை. தவளை உதைதான். முழங்காலை மடக்கி, ஃபின்களைப் பக்கவாட்டில் விரித்து, உள்ளங்கால்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி சேர்த்துவிட்டுச் சறுக்குவது. தண்ணீர் பின்னால் போகும், கீழே போகாது. நின்ற இடத்திலேயே திரும்புவது, பின்னோக்கி நகர்வது இரண்டையும் பழக வேண்டும். பின்னோக்கி உதைக்கும்போது மெல்லிய தகடு வளைந்து கொடுத்துவிடும். நீங்கள் இருந்த இடத்திலேயே இருப்பீர்கள்.

படி 3: சப்பாத்தோடு போட்டுப் பாருங்கள்

குதி திறந்த வகைதான் எடுக்க வேண்டும். டைவிங் சப்பாத்தைக் கடைக்குக் கொண்டு போங்கள். சப்பாத்து இல்லாமல் அளவு பார்ப்பது வீண் வேலை. விரல்களை அசைக்க முடிய வேண்டும், ஆனால் காலை உதறினால் ஃபின் ஆடக் கூடாது. இறுக்கமாக இருந்தால் பாதம் பிடித்துக்கொள்ளும். குகைக்குள் கால் பிடித்துக்கொள்வது வேடிக்கையில்லை.

படி 4: பட்டி

குதியைச் சுற்றி ஃபினைப் பிடிக்கும் பட்டி ஸ்பிரிங் பட்டியாக இருக்கட்டும். வேறு யோசனை வேண்டாம். பிளாஸ்டிக் கொக்கியும் தொங்கும் பட்டி நுனியும் வழிக்கயிற்றில் மாட்டும். மாட்டிய இடம் உங்கள் குதி, கை எட்டாது. தற்போதைக்குப் பழைய பட்டிதான் என்றால் நுனியை உள்பக்கமாகத் திருப்பி டேப் சுற்றுங்கள்.

படி 5: நன்னீரில் சோதியுங்கள்

கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 2.5 வீதம் அடர்த்தி கூடியது. பெரும்பாலான குகைகளில் நன்னீர். அதனால் திருகோணமலைக் கடலைவிட நீச்சல் தடாகம்தான் இந்தச் சோதனைக்குச் சரியான இடம். அருவித் தடாகங்களில் வேண்டாம், மேலே மழை பெய்தால் நீர்மட்டம் சொல்லாமல் ஏறும்.

முழு உடையோடும் சிலிண்டரோடும் இறங்கி, தரைக்கு ஒரு மீட்டர் மேலே வயிறு கீழாகக் கிடையாக நில்லுங்கள். முழங்காலை மடக்கி வைத்துக்கொண்டு எதையும் அசைக்காதீர்கள். நண்பர் ஒருவர் வீடியோ எடுக்கட்டும். கால் தாழ்கிறதா? உடனே புது ஃபின் வாங்க ஓடாதீர்கள். முதலில் சிலிண்டரைச் சற்றுத் தலைப்பக்கம் உயர்த்துங்கள், இடுப்பு ஈயத்தில் கொஞ்சத்தை மேலே மாற்றுங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால்தான் ஃபின் கனம் என்று அர்த்தம்.

தடாகம் கிடைக்காத வாரங்களில் வீட்டு வாங்கில் குப்புறப் படுத்துத் தவளை உதையின் கால் அசைவைப் பழகலாம். வீட்டில் உள்ளவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

கடலில் பழகிவிட்டு வீடு திரும்பும்போது

மலையகத்தாருக்கு மட்டும் ஒரு கூடுதல் கவனம். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1,868 மீட்டர், அதாவது 6,000 அடிக்கு மேல். சுழியோடிய பின் விமானம் ஏறுவதற்கான டைவர்ஸ் அலர்ட் நெட்வேர்க் என்ற சுழியோடல் பாதுகாப்பு அமைப்பின் வழிகாட்டல் 2,000 முதல் 8,000 அடி வரையான உயரத்தின் காற்றழுத்தத்தைக் கணக்கில் வைத்தது: அழுத்தத் தணிப்பு நிறுத்தம் (உடம்பிலுள்ள நைதரசன் வெளியேற மேலே வரும் வழியில் நின்று வருவது) தேவைப்படாத ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், பல டைவ் அல்லது பல நாள் என்றால் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும். காற்றழுத்தம் குறைந்தால் உடம்பில் கரைந்த நைதரசன் குமிழாகலாம்; அதற்கு விமானமும் ஒன்றுதான், மலை ஏறும் பஸ்ஸும் ஒன்றுதான். ஞாயிறு காலை திருகோணமலையில் டைவ் அடித்துவிட்டு இரவே மலை ஏறாதீர்கள், திங்கட்கிழமைக்கு லீவு போடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் ஃபின்ஸை நல்ல தண்ணீரில் அலசி, ஸ்பிரிங்கிற்குள் சிக்கிய மணலைத் தட்டி எடுத்து, நிழலில் நன்றாக உலர்த்துங்கள். நம் ஊர் ஈரத்தில் பையோடு மூடி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். தகடு நுனியில் நிறுத்தியும் வைக்காதீர்கள், வளைந்துவிடும்.