டிஎம்எஸ்ஓ எல்லாக் குழியிலும் ஒரே அளவா? செல் நச்சுச் சோதனையில் நான் சறுக்கிய இடம்

மருந்தின் அளவுக்கு எத்தனை செல்கள் பிழைத்தன என்று வரைந்த வளைவு அவ்வளவு அழகாக வந்தது. மருந்து கூடக்கூடச் செல்கள் வரிசையாகச் செத்திருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று மருந்தே இல்லாமல், அதைக் கரைக்கப் பயன்படுத்தும் திரவமான டிஎம்எஸ்ஓவை மட்டும் அதே மாதிரி நீர்த்துப் போட்டேன். செல்கள் வளரும் தட்டில் டிஎம்எஸ்ஓ அதிகமாக இருந்த குழியில் அப்போதும் செல்கள் குறைந்திருந்தன!

என் ஸ்டாக் (டிஎம்எஸ்ஓவில் கரைத்து வைத்த அடர் மருந்துக் கரைசல்) 10 மில்லிமோலார். 100 மைக்ரோமோலார் வேண்டும் என்று மீடியத்தில் (செல்கள் வளரும் ஊட்டத் திரவம்) நூறு மடங்கு நீர்த்தேன். டிஎம்எஸ்ஓ 1% ஆகிவிட்டது. அதை மீடியத்திலேயே பாதி பாதியாக நீர்த்ததில் அடுத்த குழி 0.5%, அப்புறம் 0.25%. மருந்து இறங்க இறங்கக் கரைப்பானும் கூடவே இறங்கியிருக்கிறது. கன்ட்ரோலில் போட்டதோ 0.1% தான்.

இப்போது செய்வது இப்படி:

1. ஸ்டாக் 100 மில்லிமோலார். டிஎம்எஸ்ஓ 18.5 டிகிரி செல்சியஸிலேயே உறைந்துவிடும்; முழுக்க உருகிய பிறகு கலக்கி எடுங்கள்.

2. நீர்த்தல் முழுவதும் டிஎம்எஸ்ஓவிலேயே: 100, 50, 25, 12.5 என்று. இந்தப் படியை மட்டும் மாற்றாதீர்கள்.

3. ஒவ்வொன்றிலும் 2 மைக்ரோலிட்டர் எடுத்து 998 மைக்ரோலிட்டர் மீடியத்தில் விட்டு உடனே கலக்குங்கள். அதில் 100 மைக்ரோலிட்டரை, 100 மைக்ரோலிட்டர் மீடியத்தோடு செல்கள் இருக்கும் குழியில் சேர்த்தால் எல்லாவற்றிலும் 0.1%. நேராகக் குழியில் விடலாமே என்றால், அதற்கு 0.2 மைக்ரோலிட்டர் எடுக்க வேண்டும். சாதாரணப் பிப்பெட்டை அதற்கு நான் நம்பமாட்டேன்.

4. கன்ட்ரோல் இரண்டு: வெறும் மீடியம், 0.1% டிஎம்எஸ்ஓ. மருந்துக் குழிகளை இரண்டாவதோடு ஒப்பிடுங்கள். இவை இரண்டுக்குள்ளேயே வித்தியாசம் தெரிந்தால் கரைப்பான்தான் வேலையைக் காட்டுகிறது.

தண்ணீரில் கரையும் பொருளுக்கு டிஎம்எஸ்ஓ எதற்கு? பழக்கதோஷம்தான்.

பின்சேர்க்கை: சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்துக்கும் இதே முறையா என்று ஒருவர் கேட்டிருந்தார். கூடாது. டிஎம்எஸ்ஓவிலுள்ள கந்தகம் குளோரைடைத் தள்ளிவிட்டுப் பிளாட்டினத்தோடு ஒட்டிக்கொள்ளும். மருந்து ஸ்டாக்கிலேயே வீரியம் இழந்துவிடும். கரைப்பான் கன்ட்ரோல் இதைக் காட்டிக்கொடுக்காது, அங்கே செல்கள் சௌக்கியமாகத்தான் இருக்கும். 0.9% உப்புக் கரைசலில் கரையுங்கள். ஈரல் செல்களில் பாராசிட்டமால் போடுபவர்களுக்கும் தொல்லை உண்டு: அதை நச்சாக மாற்றும் என்சைமையே டிஎம்எஸ்ஓ தடுக்கும், அதனால் மருந்து சாதுவாகத் தெரியும்.

இன்னொருவருக்கு மேல் அளவுகளில் வளைவு திடீரென்று தட்டையாகிவிட்டதாம். மருந்து மீடியத்தில் படிந்திருக்கலாம். மைக்ரோஸ்கோப்பில் ஊசி ஊசியாகத் தெரிகிறதா பாருங்கள், ஆனால் எம்டிடி (உயிருள்ள செல்களை அளக்கப் போடும் சாயம்) போடுவதற்கு முன்னால். போட்ட பிறகு, அதைச் செல்கள் மாற்றி உண்டாக்கும் ஃபார்மசான் படிகமும் ஊசியாகத்தான் நிற்கும்.