ஓடும்போதே அணைந்துபோகும் பழைய கார்: கோளாறைக் கண்டறியும் முறை

மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, தொண்டி என எந்தக் கடலோர ஊரை எடுத்துக்கொண்டாலும், பழைய கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அணைந்துவிட்டால் உடனே காயிலையோ (பிளக்குகளில் பொறி வர உயர் மின்னழுத்தம் தரும் பாகம்) பெட்ரோல் பம்ப்பையோ மாற்றிவிடும் வழக்கம் இருக்கிறது. உப்புக் காற்று படும் வண்டியில் பழுது பெரும்பாலும் பாகத்தில் இருப்பதில்லை. அதற்கு மின்சாரம் போய்ச் சேரும் இணைப்பில்தான் இருக்கிறது. எனவே எதையும் விலைகொடுத்து வாங்குவதற்கு முன் அளந்து பார்த்துவிட வேண்டும். பழைய மாருதி 800, ஆம்னி, அம்பாசடர் போன்ற கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குத் தரும் பாகம்) வைத்த பெட்ரோல் வண்டிகளுக்கான முறை இது. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்பு, இரண்டு துண்டு வயர், உப்புத்தாள், ஸ்பேனர்கள் ஆகியவை போதும்.

முதலில், எப்படி அணைந்தது?

சுவிட்சை அணைத்தது போல ஒரே நொடியில் இன்ஜின் நின்றால், மின் பக்கம் பார்க்க வேண்டும். திக்கித் திணறி, இழுவை குறைந்து, ஆக்சிலரேட்டரை மிதித்தும் எடுக்காமல் மெல்ல நின்றால், பெட்ரோல் பக்கம் பார்க்க வேண்டும். நின்ற அந்தக் கணத்தில் டேஷ்போர்டு விளக்குகள் எரிந்தனவா, ஹாரன் அடித்ததா என்பதையும் கவனித்து எழுதி வையுங்கள். மெக்கானிக்கிடம் போக நேர்ந்தாலும் அவர் முதலில் கேட்பது இதைத்தான்.

பேட்டரியும் எர்த்தும்

வண்டியை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, மீட்டரை டிசி 20 வோல்ட்டில் திருப்புங்கள். இரவு முழுவதும் ஓடாமல் நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டினால் முழு சார்ஜில் இருக்கிறது, 12.2-க்குக் கீழே இருந்தால் சார்ஜ் ஏற்றிய பிறகே மற்றச் சோதனைகளைத் தொடருங்கள். செல்ஃப் அடிக்கும்போது ஏறக்குறைய 9.6-க்குக் கீழே விழுந்தால், பேட்டரி தளர்ந்துவிட்டது என்று சந்தேகிக்கலாம்.

அடுத்தது எர்த், அதாவது இன்ஜினிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ்வுக்கு மின்சாரம் திரும்பும் பாதை. இந்தச் சோதனைதான் நம் கடற்கரைக்கு மிக முக்கியமானது. காயிலின் பாசிட்டிவ் பக்கத்துச் சிறிய வயரைக் கழற்றி, அதன் முனை எங்கும் உரசாதபடி டேப் சுற்றிவிட்டால் இன்ஜின் ஸ்டார்ட் ஆகாது. மீட்டரின் சிவப்பு முனையை இன்ஜினின் வெறும் உலோகத்திலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் தூணிலும் வையுங்கள். தூணை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்பில் வைத்தால் கிளாம்ப்புக்கும் தூணுக்கும் இடையிலுள்ள பழுது தெரியாது. இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டையும் தாண்டினால், எர்த் பட்டையிலோ அதன் போல்ட்டிலோ துரு ஏறி மின்சாரத்தைத் தடுக்கிறது என்று பொருள்.

அப்போது நெகட்டிவ் கிளாம்ப்பை முதலிலும் பாசிட்டிவ்வை இரண்டாவதாகவும் கழற்றுங்கள். டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருப்பதை வெந்நீர் ஊற்றிக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிட்டு, உப்புத்தாளால் பளிச்சென்று தேயுங்கள். பலரும் இத்துடன் விட்டுவிடுகிறார்கள். வயர் முனையில் உள்ள உலோக இணைப்பான லக்கை ஒட்டிய பிளாஸ்டிக் உறையை ஓர் அங்குலம் கீறிப் பாருங்கள்: உள்ளே செம்பு இழைகள் கறுத்து, பச்சைக் களிம்பு ஏறி, விரலால் தேய்த்தால் பொடியாக உதிர்ந்தால், அந்த வயரை நல்ல செம்பு தெரியும் இடம்வரை வெட்டிப் புது லக் அடிக்க வேண்டும். மேலே எவ்வளவு துடைத்தாலும் அது சரியாகாது. மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். இறுக்கிய பிறகு வாசலின் பூசுங்கள்.

காயில் வயரைத் திரும்ப மாட்டி, இன்ஜினை ஸ்டார்ட் செய்து பேட்டரியின் இரு தூண்களிலும் மீண்டும் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். ஹெட்லைட் போட்டதும் 13-க்குக் கீழே போனால் ஃபேன் பெல்ட்டின் இறுக்கத்தையும், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றிச் சோதிக்கும் பழக்கம் இன்னும் சிலரிடம் உண்டு. அது ஆல்டர்னேட்டரின் டயோடுகளைச் சுட்டுவிடும். யார் சொன்னாலும் செய்ய விடாதீர்கள்.

ஓடும்போது மட்டும் வரும் கோளாறு

நின்ற இடத்தில் எல்லாம் சரியாக இருந்து, சாலையில் மட்டும் அணைந்தால், பல்பின் ஒரு வயரைக் காயிலின் பாசிட்டிவ்விலும் மற்றதை எர்த்திலும் இணைத்து, பல்பை டேஷ்போர்டுக்கு மேல் கொண்டுவந்து வையுங்கள். நெரிசல் இல்லாத சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒதுங்கி நிறுத்த இடமில்லாத பாம்பன் பாலத்தில் இந்தச் சோதனை கூடவே கூடாது. பல்பைக் கவனிக்கும் வேலையை உடன் வருபவர் செய்யட்டும். இன்ஜின் அணையும் கணத்தில் பல்பும் அணைந்தால், பழுது சாவி சுவிட்சிலோ ஃபியூஸ் பெட்டியிலோ இடைப்பட்ட வயரிலோ இருக்கிறது. ஃபியூஸ் கால்களில் களிம்பு இருந்தால் தேய்த்துவிடுங்கள். செம்புக் கம்பியைச் சுற்றி ஃபியூஸாக்கினால் வயரே தீப்பிடிக்கும்.

பல்பு எரிந்துகொண்டே இன்ஜின் நின்றால் காயில், டிஸ்ட்ரிபியூட்டர் (காயிலின் மின்சாரத்தை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்துத் தருவது), பெட்ரோல் ஆகியவை மிச்சம். சூட்டில் நின்று, அரை மணி நேரம் ஆறியதும் தானாகக் கிளம்பும் வண்டியில் காயில்மேல் சந்தேகம் வலுக்கிறது. சூடு ஆறுவதற்குள் ஸ்பேர் பிளக் ஒன்றை ஹெச்டி (உயர் மின்னழுத்த) வயரில் மாட்டி, பிளக்கின் உடல் இன்ஜினில் படும்படி, கார்புரேட்டருக்குத் தள்ளி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். வயரைக் கையால் பிடிக்காதீர்கள். நீலப் பொறி விடாமல் வந்தால் காயிலைக் குறை சொல்ல வேண்டாம்.

பெட்ரோல் பக்கம்

டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று உள்ளே இழுக்கும் ஓசை கேட்டு, பிறகு வண்டி சீராக ஓடினால், டேங்க்கின் காற்றுத் துளை அடைபட்டிருக்கிறது. ஃபில்டரில் செந்நிறத் தூள் தெரிந்தால் டேங்க்கின் உள்ளே துரு. ஃபில்டரை மட்டும் மாற்றினால் சில வாரங்களில் மறுபடி அடைக்கும், டேங்க்கை இறக்கிக் கழுவியாக வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்காத ஐடிலிங்கில் மட்டும் அணைந்தால், அப்போது பெட்ரோல் தரும் கார்புரேட்டரின் சிறு துளையான ஸ்லோ ஜெட்டையும் வெடித்த வேக்கம் குழாய்களையும் பாருங்கள்.

தனுஷ்கோடிப் பக்கம் போய்வந்த வண்டியின் அடிப்பகுதியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். பானெட்டுக்குள் மட்டும் பிரஷர் தண்ணீர் அடிக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள், ஏனெனில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் புகும் ஈரம் மறுநாள் காலையில் வண்டியை ஸ்டார்ட் ஆக விடாது.