குதிரையின் குளம்பு நொண்டலுக்கு ஸ்கேன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

குதிரை முன்காலைத் தாங்கித் தாங்கி நடக்கிறது என்றால், கோளாறு பெரும்பாலும் குளம்புக்குள்தான் இருக்கும். உடல் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காட்டை முன்கால்கள் இரண்டும் சுமக்கின்றன. அந்தப் பாரம் வந்து இறங்கும் இடத்தில் குளம்பெலும்பு, அதற்குப் பின்னால் உள்ள படகு வடிவச் சிறு எலும்பான நாவிகுலர், அதன் பின்புறத்தை உரசிக்கொண்டு இறங்கும் ஆழ் மடக்குத் தசைநாண், இவற்றைப் பிடித்து நிறுத்தும் சிறு லிகமெண்ட்டுகள் (எலும்பை எலும்போடு இணைக்கும் நார்கள்) ஆகிய அனைத்தும் ஒரு கெட்டியான சுவருக்குள் அடைபட்டிருக்கின்றன. அங்கே கையால் தடவிப் பார்க்க வழியில்லை; அல்ட்ராசவுண்டும் அந்தச் சுவரைத் தாண்டி அதிகம் காட்டாது. ஆகவேதான் எம்.ஆர்.ஐ., சி.டி. போன்ற கருவிகள் இந்தத் துறையில் இவ்வளவு முக்கியமாகிவிட்டன. ஆனால் கருவி சரியாக வேலை செய்தும் முடிவு தவறிப்போகும் நேர்வுகள் பல. அவற்றில் பெரும்பாலான பிழைகள், படம் எடுப்பதற்கு முன்பும் எடுத்த படத்தைப் படிக்கும்போதும் நேர்கின்றன.

வலி எங்கே என்று கண்டறியாமல் குதிரையை நேராக ஸ்கேனுக்கு அனுப்புவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. ஸ்கேன் காட்டுவது மாற்றத்தை. வலியை அது காட்டாது. வயதான, நன்றாக உழைத்த குதிரையின் எந்தக் குளம்பைப் படம் பிடித்தாலும் அதில் ஏதாவது ஒரு மாற்றம் தெரியும். வலியின் இடத்தைத் தெரிந்துகொள்ள, நரம்பை மரத்துப்போகச் செய்யும் ஊசியைக் கீழிருந்து மேலாகப் படிப்படியாகப் போட்டு, ஒவ்வொரு முறையும் குதிரையை ஓட விட்டுப் பார்க்க வேண்டும். நேரமும் பொறுமையும் கேட்கும் வேலைதான். ஆனாலும் இதைத் தாண்டிச் செல்ல எந்த விலையுயர்ந்த கருவியும் வழி தருவதில்லை என்பதை உரிமையாளர்கள் புரிந்துகொள்ள வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

அந்த ஊசியின் விடையைத் தவறாகப் படிப்பது அடுத்த சிக்கல். குதிகாலுக்குச் சற்று மேலே, இரு பக்க நரம்புகளிலும் போடும் ஊசி குதிகாலை மட்டுமே மரக்கச் செய்யும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. உண்மையில் அது குளம்பின் அடிப்பாகம் முழுவதையும், நாவிகுலர் பகுதியையும், குளம்பு மூட்டையும் சேர்த்தே மரக்கச் செய்கிறது. எனவே 'ஊசிக்குப் பிறகு நொண்டல் நின்றுவிட்டது, ஆகவே நாவிகுலர் நோய்' என்று முடிவு கட்டுவது அவசரம். மருந்தின் அளவு கூடினாலோ, பத்து நிமிடங்களுக்கு மேல் காத்திருந்தாலோ அது மேல்நோக்கிப் பரவி, இன்னும் உயரத்தில் உள்ள வலியையும் மறைத்துவிடலாம். இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு: கணுமூட்டின் பின்புறம் போடும் ஊசிக்குப் பிறகே நொண்டல் நின்ற குதிரையின் குளம்பை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டு, ஒன்றும் இல்லை என்று திருப்பி அனுப்புவார்கள்; வலியோ கணுமூட்டிலேயே இருந்திருக்கும். ஸ்கேன் கேட்டு எழுதும் கடிதத்தில் எந்த ஊசிக்கு எத்தனை நிமிடத்தில் எவ்வளவு முன்னேற்றம் தெரிந்தது என்று எழுதினால், படம் பார்ப்பவருக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை. ஒரு காலின் வலி மறைந்ததும் மறு கால் நொண்டத் தொடங்கினால், அதையும் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

எம்.ஆர்.ஐ. இருக்கிறதே என்று எக்ஸ்ரேயை ஒதுக்கிவிடுவதும் தவறு. நல்ல எக்ஸ்ரே பல குதிரைகளுக்குப் போதுமான விடையைத் தந்துவிடும். ஆனால் அது நல்ல எக்ஸ்ரேயாக இருக்க வேண்டும். குளம்பைச் சுரண்டிக் கழுவி, அடியில் முக்கோணமாக இருக்கும் மெத்தென்ற பகுதியின் பள்ளங்களைப் பிள்ளைகள் விளையாடும் மாவுக் களிமண்ணால் அடைத்துவிட்டே படம் எடுக்க வேண்டும். அடைக்காவிட்டால் அந்தப் பள்ளத்தில் தங்கும் காற்று, நாவிகுலர் எலும்பின் குறுக்கே ஒரு கருங்கோடாக விழுந்து எலும்பு முறிவு போலத் தோன்றும். கோடு எலும்பின் விளிம்பைத் தாண்டியும் நீள்கிறதா என்று பார்த்தால் உண்மை விளங்கும். எலும்பு முறிவு எலும்போடு நின்றுவிடும்.

எம்.ஆர்.ஐ.க்கு முன் லாடத்தைக் கழற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். லாடம் போனாலும் ஆணியின் முறிந்த நுனி சுவருக்குள் தங்கியிருக்கலாம் என்பதும், ஆணித் துளையில் படிந்த துருவே போதும் என்பதும்தான் மறக்கப்படுகின்றன. கடுகளவு இரும்புகூடக் காந்தப்புலத்தைக் குலைத்து, படத்தில் தன்னைவிடப் பல மடங்கு பெரிய கரும்பள்ளத்தை உண்டாக்கும். பார்க்க வேண்டிய தசைநாணே அதற்குள் மறைந்துபோகலாம். எனவே லாடம் கழற்றிய பிறகு துளைகளைச் சுத்தம் செய்து, ஓர் எக்ஸ்ரே எடுத்து, உலோகம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் குதிரையைக் காந்தத்தின் அருகே கொண்டுசெல்ல வேண்டும். லாடம் அடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தால் இந்த வேலை எளிதாகும்.

நின்ற நிலையில் எடுப்பதா, மயக்கம் கொடுத்துப் படுக்க வைத்து எடுப்பதா என்ற கேள்விக்குக் குதிரையைப் பொறுத்தே விடை. நின்ற குதிரைக்கான கருவியின் காந்த வலிமை 0.27 டெஸ்லா, படுக்க வைத்து எடுக்கும் கருவிகளில் 1.5 டெஸ்லா பரவலானது. வலிமை கூடினால் படத்தின் நுணுக்கம் கூடும். குளம்பு மூட்டின் மெல்லிய குருத்தெலும்பில் ஏற்படும் தொடக்கத் தேய்வு நின்ற நிலைப் படத்தில் தப்பிவிடலாம். ஆனால் 2002-இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்றில், குடல்வலி அல்லாத காரணங்களுக்காக முழு மயக்கம் கொடுக்கப்பட்ட குதிரைகளில் 0.9 விழுக்காடு ஏழு நாட்களுக்குள் இறந்திருந்தன. அந்த எண்ணை உரிமையாளரிடம் சொல்லாமல் மயக்கத்துக்கு ஒப்புதல் பெறுவது முறையல்ல. நின்ற நிலையில் எடுக்கும்போது வேறொரு கவனம் தேவை. தூக்க மருந்து குறைந்தால் குதிரை காலை எடுத்துவிடும், கூடினால் ஆடி அசையும். இரண்டிலும் படம் மங்கும். மங்கிய படத்தை வைத்துக்கொண்டு 'இருப்பதுபோல் தெரிகிறது' என்று எழுதுவதைவிட, அந்தப் படத் தொடரை மறுபடி எடுப்பதே சரி.

படத்தைப் படிக்கும்போது ஏமாற்றும் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். தசைநாண் அல்லது லிகமெண்ட்டின் நார்கள் காந்தப்புலத்துக்கு ஏறத்தாழ 55 பாகை சாய்வில் அமைந்துவிட்டால், காயமே இல்லாத இடத்திலும் வெளிச்சம் கூடித் தெரியும். இதை மேஜிக் ஆங்கிள் விளைவு என்பார்கள். குதிரை ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றாலே குளம்பு மூட்டின் பக்க லிகமெண்ட் ஒன்று இப்படி வெளுத்துக் காட்டக்கூடும். டி1 என்ற எம்.ஆர்.ஐ. படவகையில் மட்டும் தெரிந்து, சமிக்ஞையைச் சற்றுத் தாமதித்துப் பதியும் (எதிரொலி நேரம் நீண்ட) டி2 படவகையில் காணாமல் போகும் வெளுப்பைச் சந்தேகத்துடன் பார்க்க வேண்டும். லிகமெண்ட் தடித்திருக்கிறதா, அது ஒட்டும் எலும்பில் மாற்றம் உண்டா என்பதையும் சேர்த்துப் பார்த்தே காயம் என்று சொல்ல வேண்டும்.

சி.டி. எலும்பின் வடிவத்தையும் நுண்ணிய முறிவையும் மிக விரைவாகவும் தெளிவாகவும் காட்டும். ஆனால் எலும்புக்குள் நீர் கோத்திருப்பதைச் சாதாரண சி.டி.யில் காண முடியாது. அதற்குக் கொழுப்பின் ஒளிர்வை அடக்கி எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத் தொடர் வேண்டும். டெக்னீசியம் என்ற கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் எலும்பு ஸ்கேனில் குளிர்ந்த கால் மருந்தைச் சரியாக ஏற்காது. குளம்பில் தெறித்த சிறுநீரும் நோயிடம்போல ஒளிரும். கலிபோர்னியாவின் சாண்டா அனிட்டா பந்தயத் திடலில் 2019-இன் இறுதியிலிருந்து நின்ற நிலையில் எடுக்கும் பெட் ஸ்கேன் (இதுவும் கதிரியக்க மருந்து செலுத்தி எடுப்பதுதான்) பயன்பாட்டில் உள்ளது. எலும்புக்குள் நடக்கும் உயிர்ச் செயல்பாட்டைக் காட்டுவதில் அது சிறந்த கருவி. என்றாலும் அதில் ஒளிரும் ஒவ்வொரு புள்ளியும் நொண்டலின் காரணம் ஆகிவிடாது.

செலவைக் குறைக்க நொண்டும் காலை மட்டும் படம் எடுக்கச் சொல்வது வழக்கம். நாவிகுலர் கோளாறு பெரும்பாலும் இரு முன்கால்களிலும் வருவது; மறு காலின் படமும் கையில் இருந்தால், எது அந்தக் குதிரைக்கு இயல்பு, எது புதியது என்று ஒப்பிட முடியும். முடிந்தவரை இரண்டையும் எடுக்கவே பரிந்துரைப்பேன்.

சிகிச்சைக்குப் பின் எடுக்கும் படத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். ஆழ் மடக்குத் தசைநாணின் காயம் ஆற மாதக்கணக்கில் ஆகும். குதிரை நன்றாக நடக்கத் தொடங்கிய பிறகும் படத்தில் வெளுப்பு நீடிக்கலாம். அதைக் கண்டு பயந்து ஓய்வை நீட்டுவதும், நொண்டல் நின்றுவிட்டது என்பதற்காக ஆறாத தசைநாணோடு குதிரையை உடனே ஓட்டத்தில் இறக்குவதும் ஒரே அளவு தவறு. முதல் ஸ்கேன் எடுத்த அதே கருவியில், அதே தொடர்களில் மறு ஸ்கேனையும் எடுத்து, அன்றைய நடைப் பரிசோதனையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகே எவ்வளவு வேலை கொடுக்கலாம் என்று முடிவு செய்ய வேண்டும்.